மேலுதட்டில் ஒரு விரல்

ஜனவரி 21

ஆதிரை போன் செய்தாள். தீபாவளிக்கும் என் பிறந்தநாளுக்கும் தவிர அவள் கூப்பிடுவதில்லை. திரையில் பெயரைப் பார்த்ததும் கையிலிருந்த லென்ஸைக் கீழே வைத்துவிட்டேன். கடையில் ஒருவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். அவர் கடைசி வரி வரைக்கும் போய்விட்டுத் திரும்பவும் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார், பாவம்.

"அப்பா, ஸ்கூபா டைவிங் கத்துக்கப் போறேன். மார்ச்ல, பாண்டியில. ரெண்டு ரெண்டு பேராத்தான் தண்ணிக்குள்ள விடுவாங்க. நீங்க எனக்கு பார்ட்னரா வரீங்களா?"

எனக்கு ஐம்பத்து மூன்று வயது என்றேன். கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் நிற்பது ஆளா தூணா என்று தெரியாது என்றேன். தாத்தாவை விட்டுவிட்டு எப்படி வருவது என்றேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"சில்வர் பீச்சுக்குப் போனா நீங்க எப்பவும் எங்க செருப்பையெல்லாம் கையில வச்சுக்கிட்டு கரையிலயே நிப்பீங்க. இந்த ஒரு தடவை இறங்குங்கப்பா. ஏப்ரல்ல நான் நார்வேக்குப் படிக்கப் போயிட்டா மூணு வருஷம் வரமாட்டேன்."

சரி என்று சொல்லிவிட்டேன். எட்டு வருடத்துக்கு முன்னால் அவளும் அவள் அம்மாவும் பாண்டிக்குப் போன பிறகு அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. நான் கொடுத்ததை வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான். கேட்பது இதுதான் முதல் தடவை.

ஜனவரி 24

ஜெரோம் என்பவர்தான் பயிற்சியாளர். போனில் பேசினேன். என்னென்ன வாங்க வேண்டும் என்று கேட்டுத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தேன். முதுகில் கட்டும் காற்று உருளை, அதை மாட்டும் சட்டை, வாயில் கவ்வும் ரெகுலேட்டர், ஆழம் காட்டும் கைக்கடிகாரம் என்று நான் இணையத்தில் பார்த்து எழுதி வைத்திருந்த பட்டியலை வாசித்தேன். அவர் சிரித்தார்.

"சார், அதெல்லாம் எங்ககிட்ட இருக்கு, வாடகைக்கு எடுத்துக்கலாம். முதல்ல மாஸ்க் மட்டும் வாங்குங்க. மத்தது எல்லாருக்கும் பொருந்தும். மாஸ்க் அவங்கவங்க மூஞ்சிக்குத்தான்."

இதைத்தான் நானும் முப்பது வருடமாகக் கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அழகைப் பார்க்காதே, மூக்குத்தண்டைப் பார். இந்த விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மாலை ஆறு மணிக்கு அப்பாவுக்குச் சொட்டு மருந்து. இரண்டு கண்ணிலும் பார்வை போய் நான்கு வருடமாகிறது. இந்த மருந்து வலி வராமல் இருக்க மட்டும்தான். வழக்கம்போல முதலில் கையை நீட்டி என் மேலுதட்டில் விரலை வைத்து மீசையை ஒரு தடவு தடவினார். "வந்துட்டியா" என்றார். அதற்குப் பிறகுதான் இமையைத் திறப்பார். ரயில்வேயில் கூட்ஸ் கார்டாக இருந்தவர். சரிபார்க்காமல் எதையும் விடமாட்டார்.

ஜனவரி 30

பாண்டியில் ஆதிரையோடு மாஸ்க் கடை. அவள் என்னைவிட உயரமாகிவிட்டாள், அல்லது நான் கூன ஆரம்பித்திருக்கிறேன்.

கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடும் இந்த மாஸ்க்கைச் சோதிக்கும் முறை எளிது. பின்வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக மூச்சை இழுக்க வேண்டும். கையை எடுத்த பிறகும் அது முகத்திலேயே ஒட்டி நிற்க வேண்டும். நின்றால் உன்னுடையது, விழுந்தால் அடுத்தது. ஆதிரைக்கு இரண்டாவதே நின்றது. அவள் முகத்தில் அதை மாட்டிக்கொண்டு கடையெல்லாம் நடந்து காட்டினாள். ஆறு வயதில் என் கடையில் பெரிய பெரிய ஃப்ரேமை மாட்டிக்கொண்டு இப்படித்தான் நடப்பாள்.

நான் பதினோரு மாஸ்க் போட்டுப் பார்த்தேன். ஒற்றைக் கண்ணாடி, இரட்டைக் கண்ணாடி, அகலம், குறுகல், கறுப்பு ரப்பர், வெள்ளை ரப்பர். பதினொன்றும் கையில் வந்து விழுந்தன.

கடைக்காரப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "சார், உங்க மூஞ்சில தப்பில்ல. மீசைதான். முடி வழியா காத்து போகுது. தண்ணியும் போகும்."

ஆதிரை என் முகத்தைப் பார்த்தாள், உடனே வேறு பக்கம் பார்த்தாள். எடுத்துவிடுங்கள் என்று அவள் சொல்லவில்லை. அவளுக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் அப்பா போகும் நாளில்தான் மகனுடைய மேலுதடு வெளியே தெரியும். இந்தக் காலத்துப் பையன்கள் தினமும் மழிக்கிறார்கள், அவர்களை யாரும் கேட்பதில்லை. என் வயதில் கேட்பார்கள்.

இரட்டைக் கண்ணாடி உள்ள ஒன்றை வாங்கினேன். என் பவருக்குத் தகுந்த லென்ஸை இரண்டு பக்கமும் நானே ஒட்டிக்கொள்ளலாம். மீசையை ஏதாவது செய்து சமாளித்துக்கொள்ளலாம் என்று ஆதிரையிடம் சொன்னேன்.

பிப்ரவரி 3

புது மாஸ்க்கின் கண்ணாடியில் ஒரு படலம் இருக்கும், பற்பசை போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்று ஜெரோம் சொல்லியிருந்தார். திண்டாடித் தேய்த்துக்கொண்டிருந்தபோது அப்பா கையை நீட்டினார். வாங்கி விளிம்பைத் தடவினார், மூக்குக்கான குழிவை அமுக்கிப் பார்த்தார்.

"இது என்னா பவரு?"

"இனிமேதான் ஒட்டணும்ப்பா, மைனஸ் அஞ்சு."

"மூக்கையும் சேத்து மூடுதே. மூச்சு?"

"வாயால விடணும்."

"அந்தப் பொண்ணுக்காகவா?"

ஆமாம் என்றேன். தன் முகத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்கும் நிற்கவில்லை. வெள்ளை மீசையில் பற்பசை ஒட்டிக்கொண்டது. அப்பாவைக் கவனித்துக்கொள்ளும் அஞ்சலை அதைத் துடைத்துவிட்டு, "அப்பனும் புள்ளையும் ஒரே அச்சு" என்றாள்.

பிப்ரவரி 10

நீச்சல் குளத்தில் முதல் வகுப்பு. மூக்குக்குக் கீழே ஒரு கோடு மாதிரி மட்டும் மழித்துக்கொண்டு போனேன். மீசை வைத்த டைவர்கள் அப்படிச் செய்வதுண்டாம். அவர்களுக்கெல்லாம் அரும்பு மீசை போலிருக்கிறது. எனக்கு இருப்பது அப்பாவுடையது. ரப்பர் விளிம்பு அதன் மேல்தான் உட்கார்ந்தது.

தண்ணீருக்குள் மண்டியிட்டு உட்கார்ந்த அரை நிமிடத்தில் கசிய ஆரம்பித்தது. உள்ளே தண்ணீர் வந்தால் மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். ஊதினேன். மறுபடியும் ஏறியது. கண்ணுக்குக் கீழே கோடாக நின்ற தண்ணீர் மேலே ஏறி ஏறிக் கண்ணை மறைத்தபோது என் கை கால் என் வசம் இல்லை. எழுந்து நின்றுவிட்டேன். நான்கடி ஆழம்தான்.

ஜெரோம் நல்ல மனிதர். ஆதிரைக்குக் கேட்காமல் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னார்: "பழகினவங்களுக்குக் கொஞ்சம் கசிஞ்சா பரவால்ல சார். நீங்க பதறுறீங்க. பதறுறவரை நான் கடலுக்குக் கூட்டிட்டுப் போகமாட்டேன். கூட இருக்கறவங்களுக்கும் ஆபத்து. உங்க பொண்ணுக்கு வேற பார்ட்னர் போட்டுரலாமா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கரையேறி உட்கார்ந்திருந்தபோது பார்த்தேன், ஆதிரை தன் செருப்பை என் செருப்புக்குப் பக்கத்தில் கழற்றி வைத்திருந்தாள்.

பிப்ரவரி 11

கிரீஸ் தடவிப் பார்த்தேன், வாளித் தண்ணீரில். கசிகிறது.

பிப்ரவரி 16

லென்ஸை ஒட்டி முடித்தேன். வேலை சுத்தமாக வந்திருக்கிறது.

கண்ணுக்கு முன்னால் தண்ணீர் ஏறும்போது ஏன் அப்படிப் பதறினேன் என்று ஒட்டிக்கொண்டே யோசித்தேன். ஓரத்திலிருந்து மறைந்துகொண்டே வருகிறது, நடுவில் மட்டும் கொஞ்சம் தெரிகிறது. அப்பாவுக்கு அப்படித்தான் வந்தது. ஐந்து வருடத்துக்கு முன்னால் நிலைப்படியில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். கடைக்கு அழைத்து வந்து சோதித்தேன். அந்த ஒரு வருடத்தில் மூன்று தடவை கண்ணாடி மாற்றிக் கொடுத்தேன். கண் அழுத்தம் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னபோது நரம்பு போய்விட்டிருந்தது. அனுப்பத் தாமதமாகிவிட்டது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 27

ஜெரோமுக்கு நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். சலூனுக்குப் போனேன்.

கலியமூர்த்தி இருபது வருடமாக என் மீசையை வெட்டிவிடுகிறவர். "முழுசா எடுத்துடுங்க" என்றேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். டிவியை அணைத்தார். என் தோளில் கை வைத்தார்.

"எப்ப ஆச்சு? எத்தனை மணிக்கு எடுக்கறாங்க?"

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, கடலுக்குள் இறங்கப் போகிறேன், அதற்காக என்று விளக்கினேன். காத்திருந்த இரண்டு பேரும் செய்தித்தாளைத் தாழ்த்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். கலியமூர்த்தி போர்த்தியிருந்த துணியை மெதுவாக அவிழ்த்தார்.

"பெரியவரு உசுரோட இருக்கறப்ப என் கையால எடுக்கமாட்டேன் சார். கோச்சுக்காதீங்க. வேற ஆளைப் பாத்துக்கங்க."

கோபம் வந்தது. வீட்டுக்கு வரும் வழியில் அவர் சொன்னது சரிதான் என்றும் தோன்றியது. இரண்டும் சேர்ந்தே இருக்கிறது.

பிப்ரவரி 28

ஜெரோமிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 2

காலையில் நானே எடுத்துவிட்டேன். கண்ணாடியில் தெரிந்த ஆள் யாரென்று தெரியவில்லை. மேலுதடு வெளுத்து, பிறந்த குழந்தையுடையது மாதிரி இருக்கிறது. மாஸ்க்கை வைத்து மூச்சை இழுத்தேன். நின்றது. தலையை ஆட்டினேன், குனிந்தேன், அசையவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

மாலை சொட்டு மருந்தை அஞ்சலையைப் போடச் சொன்னேன். அப்பா இமையை இறுக்கிக்கொண்டு, "அவன் எங்க?" என்றார். கடையில் வேலை என்று அஞ்சலை சொன்னாள். நான் மூன்றடி தூரத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். மருந்து போடாமலே தூங்கிவிட்டார்.

மார்ச் 3

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் கடையைத் திறந்தேன். எதிர் வரிசையில் பேப்பர் கடை வைத்திருக்கும் பலராமன் என்னை ஒரு தடவை பார்த்தார், அவசரமாக ஷட்டரை இழுத்துவிட்டுப் போனார். ஏதோ வேலை என்று நினைத்தேன். அரை மணி நேரத்தில் அஞ்சலை போன் செய்தாள். "சார், உடனே வாங்க. வீட்டுக்கு மாலை வந்திருக்கு."

ஓடினேன். வாசலில் பலராமன் பெரிய ரோஜா மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அப்பா முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"யாருப்பா அது? மாலை வாசனை வருது. எங்க கல்யாணம்?"

பலராமன் என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் பொய் வராது. "அது... உங்க பையன் மீசை இல்லாம வந்து கடை தொறந்தாரா... நான் ஏதோன்னு நெனச்சு..." என்றவர் மேலே பேச முடியாமல் அழுதுவிட்டார்.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு அவர் தலையைக் குனிந்து நீட்டினார்.

"கொண்டாந்ததைத் திருப்பிக் கொண்டு போகக் கூடாது. போட்டுட்டுப் போப்பா."

போட்டார். அப்பா நாள் முழுக்க மாலையோடே உட்கார்ந்திருந்தார். அஞ்சலை கழற்றப் போனபோது விடவில்லை.

ஆறு மணிக்கு நானே மருந்தை எடுத்துக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்தேன். கையை நீட்டினார். விரல் மேலுதட்டில் வந்து நின்றது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு தடவை போயிற்று.

"எனக்காக எடுக்க வேண்டியது."

"ஆமாப்பா."

"அந்தப் பொண்ணு கேட்டுச்சா?"

"மீசையைக் கேக்கலப்பா. வான்னு கேட்டுச்சு."

"உங்கிட்ட அது எதையும் கேக்காதே" என்றார். பிறகு, "அப்ப சரி" என்றார். இமையைத் திறந்தார். மருந்து விட்டேன். ஒரு சொட்டு தவறி மாலையில் விழுந்தது.

"ஆனா ஒண்ணு தணிகா. நான் போற அன்னிக்கி நாவிதன் வந்து நிப்பான். உன் மூஞ்சில அவன் எடுக்கறதுக்கு ஏதாவது இருக்கணும். மறுபடி வளத்து வை. அது வளர்ற வரைக்கும் நான் போகமாட்டேன். கார்டு ஏறாம வண்டி கிளம்பாது, தெரியுமில்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் அறைக்கு வந்து அழுதேன்.

மார்ச் 9

கடல். முந்தாநாள் குளத்தில் என்னைத் தனியாக இறக்கிப் பார்த்த பிறகுதான் ஜெரோம் சம்மதித்தார். படகில் என்னைப் பார்த்ததும் ஆதிரையின் முகம் வெளிறிவிட்டது. "தாத்தா..." என்றாள். "நல்லா இருக்கார். இட்லி சாப்பிட்டுட்டுத்தான் அனுப்பி வச்சார்" என்றேன். அவளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. என் மேலுதட்டையே பார்த்தாள்.

இறங்குவதற்கு முன்னால் ஒருவர் மற்றவருடைய சாமான்களைச் சரிபார்க்க வேண்டும். இது விதி. அவள் என் உருளையைத் திறந்து பார்த்தாள், பட்டைகளை இழுத்துப் பார்த்தாள், ரெகுலேட்டரை வாயில் வைத்து மூச்சு விடச் சொன்னாள். நான் மாஸ்க்கின் வாரை இறுக்கினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டுத் தளர்த்தினாள். "இறுக்கினா ஒழுகும்ப்பா. லேசா உக்காரணும், அவ்வளவுதான்." பிறகு விளிம்பு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று என் மேலுதட்டில் ஒரு விரலை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தடவினாள். அவள் தாத்தா செய்வதை அவள் பார்த்ததே இல்லை.

பத்து மீட்டர். இருபத்தெட்டு நிமிடம். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. தண்ணீருக்குள் எல்லாம் பெரிதாகவும் பக்கத்திலும் தெரியும் என்று எனக்குத் தொழில் முறையில் தெரியும். ஆனாலும் ஆதிரை முகம் அவ்வளவு பக்கத்தில் தெரிந்தபோது எனக்குத் தாங்கவில்லை. அவள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துச் சரியா என்று கேட்டாள். சரி என்று காட்டினேன். என் கையை விடவே இல்லை.

படகில் இரண்டு ஜோடிச் செருப்புகள் கிடந்தன. அவற்றை யாரும் பார்த்துக்கொள்ளவில்லை.

மார்ச் 12

காலையில் சவரம். மேலுதட்டையும் சேர்த்தே எடுத்தேன். வெயில் ஆரம்பித்துவிட்டது, மீசை இல்லாமல் இருப்பது சௌகரியமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 15

சவரம்.

மார்ச் 19

ஆறு மணிக்கு விரலை வைத்துவிட்டு, "என்னடா, ரெண்டு வாரமாச்சு, ஒண்ணையும் காணோம்" என்றார். வயசாகிவிட்டதல்லவா, மெதுவாகத்தான் வரும் என்றேன். "எனக்கு எண்பத்து நாலுல வளருது" என்றார்.

அப்பாவுக்குப் படிக்கட்டு ஏறும்போது மூச்சு வாங்குகிறது. பாதம் வீங்கியிருக்கிறது. உப்பைக் குறைக்கச் சொன்னேன்.

மார்ச் 27

ஆஸ்பத்திரி, மூன்றாவது நாள். இதயம் பெரிதாகிவிட்டதாம். நுரையீரலில் நீர். முகத்தில் மாஸ்க் வைத்து இயந்திரத்தால் காற்றுத் தள்ளுகிறார்கள். அது கசிந்து கசிந்து இயந்திரம் கத்திக்கொண்டே இருந்தது. நர்ஸ் வாரை இறுக்கினாள். நான் எழுந்து போய்த் தளர்த்தினேன், விளிம்பை மூக்குத்தண்டில் சரியாக உட்கார வைத்தேன். சத்தம் நின்றது. "நீங்க இந்த லைனா சார்?" என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரிக் கழிவறையில் சவரம் செய்ய வெளிச்சம் போதவில்லை. ஆனாலும் செய்தேன்.

ஏப்ரல் 4

வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்ன விதத்தில், அது நல்ல செய்தி இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

ஆதிரை வந்தாள். நாளை மறுநாள் விமானம். தாத்தாவின் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். எட்டு வருடத்துக்குப் பிறகு அவர் அவளைப் பார்த்தார், இந்தத் தடவை விரல்களால். "மூக்கு எங்க அம்மாவோடது" என்றார். போகும்போது அவள் தன் மாஸ்க்கை என்னிடம் கொடுத்தாள். "நார்வேல குளிருக்கு வேற மாதிரி வேணும்ப்பா. இது இங்கயே இருக்கட்டும், வந்து எடுத்துக்கறேன்." இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 8

சவரம்.

ஏப்ரல் 10

சவரம். நேற்றும் அப்பா தூங்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தால் தலை நிற்கவில்லை.

ஏப்ரல் 11

காலையில் நான் கிட்டே போனதும் அவரே கையை உயர்த்தப் பார்த்தார், முடியவில்லை. நான் பிடித்து என் மேலுதட்டில் வைத்தேன். வைத்த பிறகுதான் தப்பு செய்துவிட்டேன் என்று உறைத்தது. பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் மழித்திருந்தேன்.

"சோப்பு வாசனை வருது" என்றார்.

அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

"தெனம் எடுக்கறியாடா?"

"ஆமாப்பா."

மூச்சு வாங்கி, நிறுத்தி, மறுபடியும் வாங்கிப் பேசினார். "கண்ணு போறப்பவும் இப்படித்தான். நம்பரை மாத்தி மாத்தி ஒரு வருஷம் தள்ளின. டாக்டர்கிட்ட போனா என்னா சொல்லுவாரோன்னு பயம் உனக்கு."

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"நான் கார்டுடா. சிக்னல் தெரியலன்னா தெரியலன்னு எனக்குத் தெரியாதா? நீ பயப்படுறியேன்னு நானும் சொல்லல." விரல் என் உதட்டின் மேலேயே இருந்தது. "அது போவட்டும். இதை மட்டும் தள்ளாத தணிகா. என்னால முடியல."

ஆமாம், எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டாவது தடவை கண்ணாடி மாற்றியபோதே தெரிந்திருந்தது. ஓரப் பார்வையைச் சோதித்தேன், இல்லை என்று பார்த்தேன், பவர் ஏறியிருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். இதை இந்த நோட்டில் கூட எழுதாமல் இருந்தேன். இப்போது எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 12

இன்று சவரம் செய்யவில்லை.